மாலையில் மட்டும் சோம்பும் பெல்லட் அடுப்பு

கேள்வி: ஜெர்மனியில் ஹம் நகருக்கு அருகே தனி வீட்டில் இருக்கிறோம். ஐந்து மாதங்களுக்கு முன், மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகளை (பெல்லட்) எரித்து அறையைச் சூடாக்கும் 8 கிலோவாட் பெல்லட் அடுப்பு வாங்கினோம். பகலில் அழகாக எரிகிறது. மாலை ஆறு மணிக்கு மேல் தீ நீண்டு மங்கி, கண்ணாடி கரியாகிவிடுகிறது. சில நாள் காற்றழுத்தக் கோளாறு என்று காட்டித் தானே அணைந்துவிடுகிறது. அடுப்பு விற்றவர் பெல்லட்டைக் குறை சொல்கிறார். பெல்லட் விற்றவர் அடுப்பைக் குறை சொல்கிறார். யாரை நம்புவது?

பதில்: இருவரையும் சற்று ஒதுக்கி வையுங்கள். "மாலை ஆறு மணி" என்றீர்களே, அதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்தில் உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது? சமையல். கடுகு வெடித்து மிளகாய் கருகும்போது சமையல் அடுப்புக்கு மேலுள்ள புகை உறிஞ்சியை முழு வேகத்தில் ஓடவிடாத தமிழ் வீடு உண்டா?

அந்த உறிஞ்சி காற்றை வெளியே தள்ளும் வகையாக இருந்தால், மணிக்குச் சில நூறு கன மீட்டர் காற்றை வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு போகிறது. பெல்லட் அடுப்புக்குத் தேவைப்படுவதோ சில பத்து கன மீட்டர்தான். நன்றாக அடைத்துக் கட்டிய வீட்டில் இந்தப் போட்டியில் அடுப்பு தோற்கும். இன்று மாலையே சமையலறை ஜன்னலை அகலத் திறந்துவிட்டுச் சமைத்துப் பாருங்கள். தீ குட்டையாகவும் பளிச்சென்றும் துள்ளினால் குற்றவாளி அகப்பட்டான். பிறகு வட்டாரப் புகைபோக்கி பரிசோதகரைக் கூப்பிடுங்கள். ஜன்னல் திறந்திருந்தால் மட்டுமே உறிஞ்சி ஓடும்படி ஒரு சுவிட்ச் பொருத்தலாம். அல்லது அடுப்புக்கான காற்றை வெளியிலிருந்தே தனிக் குழாயில் கொண்டுவரும் ஏற்பாடு அந்த அடுப்பில் உண்டா என்று அவர் பார்த்துச் சொல்வார். அதுவரை உறிஞ்சியையும் அடுப்பையும் சேர்த்து ஓட்டாதீர்கள். புகை திரும்பினால் கார்பன் மோனாக்சைடு கூடவே வரும், அதற்கு மணமில்லை. எச்சரிக்கைக் கருவி ஒன்றை அறையில் மாட்டுவது அவசியம்.

ஜன்னல் திறந்தும் தீ சோம்பினால் சாம்பலைப் பாருங்கள். அடுப்பு முழுவதும் ஆறிய பிறகு, பெல்லட் எரியும் கிண்ணத்தை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். அடியிலுள்ள துளைகள் வழியே வெளிச்சம் தெரிய வேண்டும். பெரும்பாலும் கண்ணாடி போல உருகி இறுகிய கசடு அவற்றை அடைத்திருக்கும், சுரண்டி எடுங்கள். அடுத்தது கதவைச் சுற்றியுள்ள அடைப்புக் கயிறு. ஒரு தாளை வைத்துக் கதவை மூடி இழுங்கள். தடையில்லாமல் வழுக்கி வந்தால் கயிற்றை மாற்ற வேண்டும்.

பெல்லட் பைக்கும் கொஞ்சம் பழி உண்டு. பையின் அடியில் கைப்பிடி கைப்பிடியாக மரத்தூள் கிடந்தால் அது உள்ளே தள்ளும் திருகுத் தண்டில் அடைத்துக்கொள்ளும். பையில் ஈஎன்பிளஸ் ஏ1 (ENplus A1) என்ற பெல்லட் தர முத்திரை இருக்கிறதா பாருங்கள். அந்தத் தரத்தில் சாம்பல் 0.7 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மலிவுப் பையில் மிச்சம் பிடித்த காசைச் சாம்பலாக அள்ளிக் கொட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இத்தனைக்கும் பிறகு அடுப்பின் குறைதான் என்றால், பொறுப்பு விற்றவருடையது. உற்பத்தியாளரைக் கேளுங்கள் என்று அவர் தட்டிக்கழிக்க முடியாது. 2022 முதல் வாங்கிய பொருளுக்கு, முதல் ஓராண்டுக்குள் தெரியவரும் குறை தொடக்கத்திலேயே இருந்ததாகத்தான் பொதுவாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது அவர் வேலை. உங்களுக்கு ஐந்து மாதம்தான் ஆகிறது. எழுத்தில் புகார் கொடுங்கள்.

கேள்வி: எண்ணெய் வெப்பமூட்டி இருக்கிறது. பெல்லட் அடுப்பும் வாங்கினால் மிச்சமாகுமா?

பதில்: ஒரு கிலோ நல்ல பெல்லட்டில் ஏறக்குறைய 4.8 கிலோவாட் மணி வெப்பம். ஒரு லிட்டர் எண்ணெயில் சுமார் 10. ஆகவே ஒரு டன் பெல்லட் ஏறத்தாழ 480 லிட்டர் எண்ணெய்க்குச் சமம். உங்கள் ஊர் விலைகளை இதில் போட்டுப் பாருங்கள். 2022-இல் பெல்லட் விலையும் இரு மடங்குக்கு மேல் ஏறியதை மறந்துவிடாதீர்கள். சாதாரண பெல்லட் அடுப்பு, தான் இருக்கும் அறையைத்தான் நன்றாகச் சூடாக்கும். ஒரு டன் என்றால் 15 கிலோ பைகள் 66 அல்லது 67. மாடி வீடு என்றால் முதுகையும் கணக்கில் சேருங்கள். மின்சாரம் நின்றால் பெல்லட் அடுப்பும் நின்றுவிடும்.

கேள்வி: சாம்பலை வீட்டு வெக்குவம் கிளீனரால் எடுக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஆறியதாகத் தோன்றும் சாம்பலுக்குள் ஒரு கங்கு போதும், பை தீப்பிடித்துவிடும். சாம்பலுக்கென்றே விற்கும் கருவியை வாங்குங்கள்; அதிலும் ஆறிய சாம்பலை மட்டும் எடுங்கள். அள்ளியதை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வீட்டுக்கு வெளியே வையுங்கள். கண்ணாடிக்கு மட்டும் ஒரு சிட்டிகை ஆறிய சாம்பலை எடுத்து வையுங்கள். ஈரத் தாளில் தொட்டுத் தேய்த்தால் கரி போய்விடும். பாத்திரம் துலக்கிய பாட்டிமாரின் வழிதான்; தனித் திரவம் வாங்கத் தேவையில்லை.