இரண்டாவது கரி கிரில்: எத்தனை அங்குலம் வாங்கலாம்?

வாசகர் கேள்வி – பதில்

கோடை நெருங்கும்போது அமெரிக்காவில் வசிக்கும் வாசகர்களிடமிருந்து பார்பிக்யூ பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை வந்தவற்றில் பல, வீட்டில் ஏற்கெனவே ஒரு கரி கிரில் வைத்திருப்பவர்கள் எழுதியவை. இரண்டாவது எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதே அவர்களின் கேள்வி. நான்கு கடிதங்களுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: எங்களிடம் 22 அங்குல கெட்டில் கிரில் (உருண்டைக் கிண்ணமும் மூடியும் கொண்ட கரி கிரில்) இருக்கிறது. கோடையில் மூன்று, நான்கு முறை 20 பேர் வரை சாப்பிட வருவார்கள். அதில் பாதிப்பேர் சைவம். கோழி வெந்த கம்பித்தட்டில் பனீரை வைப்பதில் அவர்களுக்குச் சம்மதமில்லை, எங்களுக்கும் மனசில்லை. 26 அங்குலம் ஒன்று வாங்கி அசைவத்தை அதற்கு மாற்றிவிட்டு, பழையதைச் சைவத்துக்கு வைத்துக்கொள்ளலாமா? அல்லது சைவத்துக்கு 18 அங்குலம் போதுமா?
— வாசகி, கொலம்பஸ், ஒஹாயோ

பதில்: இன்னொரு 22 அங்குலமே வாங்குங்கள். காரணத்தைக் கணக்கோடு சொல்கிறோம்.

பெட்டியில் போட்டிருக்கும் அங்குலத்தை அப்படியே நம்பக் கூடாது. வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் ஏறும். வெபர் நிறுவனத்தின் கெட்டில்களில் 14 அங்குலத்துக்கு 147 சதுர அங்குலம், 18-க்கு 240, 22-க்கு 363, 26-க்கு 508. பதினெட்டுக்கும் இருபத்திரண்டுக்கும் நாலு அங்குலம்தானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் சமைக்கும் இடம் ஒன்றரை மடங்காகிவிடுகிறது.

இந்த 363-ம் முழுசாக உங்கள் கையில் இருக்காது. எலும்போடு கூடிய கோழித்தொடையைத் தணலுக்கு நேர் மேலே முழு நேரமும் வைத்தால் தோல் கருகிவிடும், எலும்போரம் சிவப்பாகவே நிற்கும். அதனால் தணலை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு மறுபக்கத்தில்தான் வேகவைக்க வேண்டியிருக்கிறது. பாதி இடம் அங்கேயே போய்விட்டது. ஒரு தொடைக்கு இடைவெளியோடு 16 முதல் 18 சதுர அங்குலம் வேண்டும். வட்டத்தின் ஓரங்களில் வீணாவதையும் கழித்தால் 22 அங்குலத்தின் பாதியில் எட்டு அல்லது ஒன்பது தொடை, 18-ல் ஐந்து அல்லது ஆறு, 26-ல் பன்னிரண்டு வரை வைக்கலாம்.

உங்கள் வீட்டில் பத்துப் பேர் அசைவம், ஆளுக்கு இரண்டு என்றால் 20 தொடை. இதற்காக 26-க்குப் போகும் முன் தணல் வைக்கும் முறையை மாற்றிப் பாருங்கள். அடிப்பக்கம் வெட்டிய எஃகுக் கூம்பு ஒன்றைக் கிரிலின் நடுவில் நிறுத்தி, நீறு பூத்த கரியை அதற்குள் கொட்டி, தொடைகளைச் சுற்றிலும் ஓரமாக அடுக்குங்கள். மூடியைப் போட்டு, மேல் காற்றுத்துளையையும் கீழ்க் காற்றுத்துளையையும் முழுக்கத் திறந்து விடுங்கள். 22 அங்குலத்தில் இப்படிச் சுமார் 14 தொடை வைக்கலாம். 35 முதல் 45 நிமிடத்தில் தோல் மொறுமொறுவென்று வந்துவிடும். திருப்பிப் போடவும் வேண்டாம். கோழி 165 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால் பாதுகாப்பு. தொடை மட்டும் 175-ஐத் தாண்டினால்தான் எலும்பிலிருந்து கழன்று வரும். முதல் சுற்றை எடுத்து மூடி வைத்துவிட்டு மீதி ஆறை ஏற்றினால் வேலை முடிந்தது. 26-ல் இருபதும் ஒரே சுற்றில் ஆகும் என்பது உண்மைதான். அந்த ஒரு சுற்றைத் தவிர 26 உங்களுக்குத் தருவது வேறொன்றுமில்லை. வருஷத்தில் மற்ற நாட்களில் நாலு பேருக்குச் சமைக்கும்போதும் அந்தப் பெரிய வட்டத்துக்குக் கரி கொட்ட வேண்டியிருக்கும். ஒரு சிம்னி (கரியைப் பற்றவைக்கும் உருளை) கரி, 22-ன் பாதியில் இரண்டு அடுக்காக நெருக்கமாக உட்காரும். அதே கரியை 26-ன் பாதியில் பரப்பினால் மெலிந்துபோகும். கட்டிகள் ஒன்றையொன்று தொடாமல் தள்ளிக் கிடந்தால் ஒன்றின் சூடு அடுத்ததுக்குப் போகாது, நடுவில் பாதி அணைந்துவிடும்.

சைவப் பக்கத்துக்கு வருவோம். தோலுரித்த சோளக்கதிர் ஒன்றுக்கு ஏறக்குறைய 16 சதுர அங்குலம், 12 அங்குலக் கம்பியில் கோத்த பனீர், குடைமிளகாய், வெங்காயத்துக்கு 24 சதுர அங்குலம். பத்துப் பேருக்குப் பத்துக் கதிர், பத்துக் கம்பி என்றால் மொத்தம் 400. 18 அங்குலத்தில் இரண்டு சுற்று ஆகும். கதிருக்கு 12 முதல் 15 நிமிடம், பனீருக்கு எட்டு நிமிடம் என்பதால் இரண்டு சுற்று பெரிய சுமையில்லை. ஆனாலும் நாங்கள் 18-ஐச் சொல்லாததற்குக் காரணம், அசைவக்காரர்களும் சோளம் கேட்பார்கள். கிரில் நாளில் முதலில் தீர்வது அதுதான். தவிர, இரண்டும் 22 அங்குலமாக இருந்தால் கரிக்கூடை, மழை உறை, மூடி, கால் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும். சந்தையில் துணைக்கருவிகள் அதிகம் கிடைப்பதும் இந்த அளவுக்குத்தான்.

கம்பித்தட்டையும் இடுக்கியையும் தேய்க்கும் பிரஷையும் மட்டும் கலந்துவிடாதீர்கள். சைவ இடுக்கியின் பிடியில் பச்சை டேப் ஒன்றைச் சுற்றிவிடுங்கள். விருந்தாளி யாராவது உதவிக்கு வந்து கையில் எடுக்கும்போது அது ஒன்றுதான் காப்பாற்றும். பனீர் ஒட்டிக்கொண்டு கிழிந்தால் குறை பனீரில் இல்லை, தட்டு சூடாகாததுதான் காரணம். மூடியைப் போட்டுப் பத்து நிமிடம் காய விட்டு, எண்ணெயைத் தட்டில் தடவாமல் பனீரில் தடவி வையுங்கள்.

வாங்கும் முன் ஒரு காரியம் செய்யலாம். அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, நூலும் பென்சிலும் கொண்டு 21.5 அங்குல விட்டத்தில் வட்டம் போட்டு வெட்டுங்கள். 22 என்று விற்பதன் கம்பித்தட்டு அவ்வளவுதான். அதன் மேல் கதிரையும் கம்பிகளையும் அடுக்கிப் பாருங்கள். எந்த விளம்பரமும் சொல்லாததை அந்த அட்டை சொல்லிவிடும்.

கேள்வி: என்னிடம் பீங்கான் கமாடோ (தடித்த சுவர் கொண்ட முட்டை வடிவக் கரி கிரில்), லார்ஜ் அளவு. ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்கு அருமையாக இருக்கிறது. வாரநாளில் மூன்று பேருக்கு நாலு துண்டு மீன் சுட அதைப் பற்றவைக்கவே அலுப்பாக இருக்கிறது. இரண்டாவதாக எக்ஸ்எல் வாங்கினால் விருந்துக்கும் ஆகும் என்கிறார் நண்பர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
— வாசகர், ஹூஸ்டன், டெக்சாஸ்

பதில்: உங்கள் குறையை நீங்களே சரியாகச் சொல்லிவிட்டீர்கள்: வாரநாளில் அலுப்பு. எக்ஸ்எல் அதை இரட்டிப்பாக்கும்.

பீங்கான் சுவர் சூட்டைக் குடித்து வைத்துக்கொள்ளும். மெதுவாக வேகும் பெரிய இறைச்சிக்கு அதுதான் பலம், நாலு துண்டு மீனுக்கு அதுவே பலவீனம். சுவர் காய்ந்து சூடு நிலைக்க அரை மணி முதல் முக்கால் மணி வரை ஆகும். ஒருமுறை 450 டிகிரிக்குப் போய்விட்டால் 250-க்கு இறக்க ஒரு மணிக்கு மேலும் காத்திருக்க வேண்டும். பிக் கிரீன் எக் என்ற கமாடோ நிறுவனத்தின் அளவுகளைப் பாருங்கள்: லார்ஜின் தட்டு 18.25 அங்குலம், 262 சதுர அங்குலம், எடை சுமார் 160 பவுண்டு. எக்ஸ்எல் 24 அங்குலம், 452 சதுர அங்குலம், சுமார் 220 பவுண்டு. கூடுதல் 60 பவுண்டும் நீங்கள் ஒவ்வொரு முறையும் சூடாக்க வேண்டிய சுமை.

விருந்துக்கு லார்ஜ் சின்னது என்பதையும் நாங்கள் ஒப்பமாட்டோம். 22 அங்குல கெட்டிலில் 363 இருந்தாலும் மறைமுகச் சூட்டுக்கு, அதாவது தணலுக்கு நேர் மேலே வைக்காமல் வேகவைப்பதற்கு, பாதிதான் கிடைக்கும். கமாடோவில் பீங்கான் தடுப்பைக் கீழே வைத்துவிட்டால் 262-ம் மறைமுகம்தான். மேலே இன்னொரு அடுக்குத் தட்டு வைத்தால் இடம் இன்னும் கூடும். அதற்கு வராத ஒன்று, ஒரு பக்கம் தணல், ஒரு பக்கம் வெறுமை என்ற இரட்டைப் பகுதிச் சமையல். குழி ஆழமாகவும் குறுகலாகவும் இருப்பதால் சூடு எங்கும் ஒன்றாகிவிடுகிறது.

ஆகவே தகட்டில் செய்த சின்ன கெட்டில் ஒன்று வாங்குங்கள். மூன்று பேருக்கு மீன் மட்டும் என்றால் 14 அங்குலம் போதும். 30 பிரிக்கெட் (அச்சில் செய்த கரிக்கட்டி), சிம்னியில் 20 நிமிடம், நீறு பூத்ததும் கொட்டினால் சமையல் தொடங்கிவிடும். மீனோடு காய்கறியும் சேர்ந்தே ஆக வேண்டும் என்றால் 18 வாங்குங்கள். 14-ல் நான்கு சங்கடங்கள் உண்டு. தட்டு தணலுக்கு மிக அருகில் இருப்பதால் ஒதுக்கி வைக்க இடமில்லை. மூடி தாழ்வு என்பதால் முழுக்கோழியை நிமிர்த்தி வைக்க முடியாது. 17 அங்குல இரும்புக் கம்பிகள் குறுக்கே நீட்டிக்கொண்டு மூடியை மூட விடாது, 12 அங்குலக் கம்பியும் நடுக்கோட்டில்தான் அடங்கும். ஓரத்துக்கு 8 அங்குலக் கம்பியாக வாங்கிக்கொள்ளுங்கள். சாம்பல் கொஞ்சம் சேர்ந்தாலே கீழ்த்துளை அடைபட்டு தணல் மங்கும். ஒவ்வொரு சமையலுக்கு முன்பும் பழைய சாம்பலைக் கொட்டிவிடுவது கட்டாயம்.

கமாடோவையே விரும்பினால் அதே நிறுவனத்தின் மினிமேக்ஸ் இருக்கிறது, 13 அங்குலத் தட்டு. ஸ்மால் என்று விற்பதற்கும் தட்டு அதே 13 அங்குலம்தான், உயரம் மட்டும் வேறு. பெயரைப் பார்த்து இது பெரியது, அது சின்னது என்று நினைத்துவிட வேண்டாம். எந்தக் கமாடோவானாலும், துளைகளை ஒடுக்கி வைத்திருந்த மூடியைச் சட்டென்று திறக்காதீர்கள். காற்றுக்கு ஏங்கிக் கிடக்கும் கனல் மூடி திறந்த நொடியில் குப்பென்று தீயாக எழுந்து முன்கையைச் சுட்டுவிடும். இரண்டு அங்குலம் தூக்கி, சில நொடி நிறுத்தி, பிறகு முழுக்கத் திறங்கள்.

கேள்வி: டவுன்ஹவுஸில் மரத்தால் ஆன பின்புற டெக் மட்டும்தான் இருக்கிறது. கேஸ் கிரிலோடு இரண்டாவதாகச் சின்ன கரி கிரில் வைக்கலாமா?
— வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: முதலில் அளவை விட்டுவிட்டு அனுமதியைப் பாருங்கள். அமெரிக்காவின் பல ஊர்கள் பின்பற்றும் சர்வதேசத் தீத்தடுப்பு விதித்தொகுப்பு, எரியக்கூடிய பால்கனியிலும் எரியக்கூடிய கட்டுமானத்திலிருந்து 10 அடிக்குள்ளும் கரி கிரிலை இயக்கக் கூடாது என்கிறது. ஒரு குடும்பம் அல்லது இரு குடும்பம் வாழும் வீடுகளுக்கு விலக்கு உண்டு. டவுன்ஹவுஸை உங்கள் ஊர் எந்த வகையில் சேர்க்கிறது என்பதை நகராட்சித் தீயணைப்பு அலுவலகத்திடமும், குடியிருப்புச் சங்கத்தின் விதிகளிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சின்ன கிரில் என்பதால் விதி தளராது. 14 அங்குலத்தின் பக்கச் சூடும் வினைல் பக்கச்சுவரை நெளிய வைக்கப் போதும். கராஜுக்குள் நுழைத்து மழைக்கு ஒதுங்குவதை மட்டும் நினைக்கவே வேண்டாம். கரிப்புகையின் கார்பன் மோனாக்சைடு உயிரை எடுத்துவிடும்.

கேள்வி: எங்களுடையது 18 அங்குலம். நன்றி நவிலல் நாளில் வான்கோழியும், நடுவில் ஒருமுறை முழு ஆட்டுத்தொடையும் கரியில் செய்ய ஆசை. இதற்கு 22 போதுமா, 26 வேண்டுமா?
— வாசகி, ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா

பதில்: 12 முதல் 14 பவுண்டு வான்கோழி என்றால் 22. அதற்கு மேல் வழக்கமாகப் பெரிய பறவை வாங்குபவரென்றால் 26.

இந்த வகைச் சமையலில் மேல்தட்டை மட்டும் அளந்து பலர் ஏமாறுகிறார்கள். கரி கிடக்கும் கீழ்த்தட்டு இன்னும் சின்னது: 22 அங்குல கெட்டிலில் 17 அங்குலம், 18-ல் 13.5 அங்குலம். கிண்ணம் கீழே போகப் போகக் குறுகுவதுதான் காரணம். 1952-ல் ஷிகாகோவில் ஜார்ஜ் ஸ்டீஃபன் முதல் கெட்டிலைச் செய்தது கடல் மிதவைக்கான அரைக்கோளத் தகட்டிலிருந்து, அந்த வடிவம் இன்றும் மாறவில்லை. மெதுவான சமையலுக்கு ஓரத்தில் பாம்பு போல இரண்டு கட்டி அகலத்தில் பிரிக்கெட் அடுக்கினால் அது பக்கத்துக்கு நாலு அங்குலம் தின்றுவிடும். 22-ல் நடுவில் மிஞ்சுவது சுமார் 9 அங்குலம், 18-ல் ஐந்தரை. ஆட்டுத்தொடையின் முழங்கால் முனை அந்தத் தணலுக்கு மேல் நீட்டிக்கொண்டு, நடுப்பகுதி வேகும் முன்பே கரியாகிவிடும். 18-ல் உங்களுக்கு இதுவரை சரியாக வராமல் போயிருந்தால் கைப்பக்குவத்தைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம்.

வான்கோழிக்குப் பாம்பு வேண்டாம். இரண்டு பக்கமும் ஓரமாகப் பக்கத்துக்கு 25 பிரிக்கெட், நடுவில் கொழுப்புச் சொட்ட அலுமினியத் தட்டு, அதில் ஒரு டம்ளர் தண்ணீர். பறவையின் கால்களைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, இறக்கை நுனிகளை முதுகுக்குப் பின்னால் மடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவை தணல் பக்கம் போய்க் கருகும். மூடிக்குள் 325 முதல் 350 டிகிரி இருக்கட்டும். மணிக்கு ஒருமுறை பக்கத்துக்கு எட்டுக் கட்டி சேருங்கள். இதற்காகவே இரண்டு ஓரமும் மடங்கித் திறக்கும் கம்பித்தட்டாகக் கேட்டு வாங்க வேண்டும். சாதாரணத் தட்டு என்றால் சூடான பறவையோடு தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்க நேரும். இரண்டரை முதல் மூன்று மணி நேரத்தில் ஆகிவிடும். நெஞ்சின் தடித்த இடத்திலும் தொடையின் உட்புறத்திலும் வெப்பமானி குத்தி, இரண்டும் 165 காட்டினால் இறக்கலாம். மூடி பறவையின் நெஞ்சைத் தொடக் கூடாது. தொட்டால் அந்த இடத்துத் தோல் மூடியோடு ஒட்டிக்கொண்டு கிழியும். கடையில் கிரிலைப் பார்க்கும்போதே ஒரு டேப் கொண்டுபோய்க் கம்பித்தட்டிலிருந்து மூடியின் உச்சி வரை அளந்துகொள்ளுங்கள்.

18-ஐ விற்றுவிடாதீர்கள். வான்கோழி வேகும் மூன்று மணி நேரமும் சர்க்கரைவள்ளி, சோளம், கொத்சுக்குக் கத்தரிக்காய் எல்லாம் சுட அதுதான் தேவைப்படும்.