12 இரவுக்கு ஏழு ஊர் எதற்கு?

கேள்வி: வைகாசிக் கடைசியில் எங்களுக்குக் கல்யாணம். ஜூன் 25 கிளம்பி இத்தாலியில் 12 இரவு தங்கலாம் என்றிருக்கிறோம். ஆடி பிறப்பதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பது வீட்டு உத்தரவு. ரோம், அமால்ஃபி, ஃப்ளாரன்ஸ், சின்குவே டெர்ரே, வெனிஸ், மிலான், கோமோ ஏரி என்று எழுதி வைத்திருக்கிறேன். நடுவில் இரண்டு நாளாவது கிராமப்புறம் வேண்டும் என்கிறார் மனைவியாக வரப்போகிறவர். அவர் சைவம். எதை எந்த வரிசையில் வைப்பது?

பதில்: அவர் பேச்சைக் கேளுங்கள். கிராமத்துக்கு இரண்டு நாள் போதாது, நான்கு இரவு கொடுங்கள். அதற்காக உங்கள் பட்டியலில் பாதியை அடிக்க வேண்டியிருக்கும்.

காரணம் வெயில். ஜூன் கடைசியில் ரோமிலும் ஃப்ளாரன்ஸிலும் 35 டிகிரி என்பது அதிசயமில்லை. நமக்கு இதென்ன புதுசா என்று தோன்றும். ஆனால் நம் ஊரில் அந்த வெயிலில் கல் பாவிய தெருவில் யாரும் மூன்று மணி நேரம் நடப்பதில்லை. இத்தாலியர்களும் நடப்பதில்லை, மதியம் சின்ன ஊர்களில் கடையைச் சாத்திவிடுகிறார்கள். அதற்கு ஈடாக, சூரியன் மறைய இரவு 9 மணி ஆகிறது. ஆகவே உங்கள் ஒவ்வொரு நாளும் காலை 8 முதல் 12 வரை ஒரு துண்டு, மாலை 6 முதல் 11 வரை இன்னொரு துண்டு. ஊர் மாறும் நாளில் காலைத் துண்டு பெட்டி கட்டுவதிலும் ரயிலிலும் போய்விடும். ஏழு ஊர் என்றால் ஆறு காலை காலி.

அமால்ஃபியை விடுங்கள். மலையைக் குடைந்து போட்ட ஒரே சாலை, கோடையில் பஸ்ஸும் காரும் ஊர்ந்துதான் போகும். சின்குவே டெர்ரேயின் ஐந்து குட்டி ஊர்களும் ஜூலையில் கூட்டத்தில் பிதுங்கும். மிலானும் கோமோவும் பக்கத்து பக்கத்தில் இருப்பவை, இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

மிச்சம் இருப்பது தெற்கிலிருந்து வடக்கே ஏறும் ஒரே கோடு: ரோமில் 3 இரவு, டஸ்கனி மாநிலத்துக் கிராமப்புறமான ஓர்ச்சா பள்ளத்தாக்கில் 4, ஃப்ளாரன்ஸில் 2, வெனிஸில் 3. ரோமில் இறங்கி வெனிஸில் ஏறுவது போல டிக்கெட் எடுங்கள். துபாய், தோஹா வழியாகப் போகும் விமானங்களில் இது எளிது. ரோமுக்கே திரும்பி வந்து ஏறினால் ஒரு நாள் வீண்.

ரோமில் கொலோசியத்துக்கும் வத்திக்கான் அருங்காட்சியகத்துக்கும் நேரம் குறித்த டிக்கெட்டை ஊரிலிருந்தே வாங்கிவிடுங்கள், முடிந்தவரை காலையின் முதல் நேரம். ஜூன் 29 புனித பேதுரு, பவுல் திருநாள். அன்று வத்திக்கான் அருங்காட்சியகம் மூடியிருக்கும், அதனால் 27 அல்லது 28. அதில் ஒன்று ஞாயிறாக இருந்தால் மற்றதை எடுங்கள். தோளும் முட்டியும் மூடிய உடை வேண்டும், ஒரு துப்பட்டா கையில் இருந்தால் கவலையில்லை. மதியத்துக்கு போர்கேசே கலைக்கூடம் வைத்துக்கொள்ளுங்கள். முன்பதிவு செய்தவர்களை மட்டும் இரண்டு மணி நேரம் விடுவார்கள், கூட்டம் அளவாக இருக்கும். சிற்பி பெர்னினியின் பளிங்குச் சிலைகள் அங்கேதான். தெருவில் குடிதண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். நசோனி, அதாவது ‘பெரிய மூக்கு’ என்று அழைக்கப்படும் இரும்புக் குழாய்கள் நகரம் முழுக்க உண்டு, தண்ணீர் ஜில்லென்று வரும். மூக்கின் நுனியை விரலால் அடைத்தால் மேலே உள்ள துளை வழியாகப் பீய்ச்சும், வாய் வைத்துக் குடிக்கலாம். ஸ்பானியப் படிகளில் உட்கார்ந்து போட்டோ எடுக்கும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள், 2019 முதல் அங்கே உட்கார்ந்தால் அபராதம்.

இனி கிராமம். ரோம் நகருக்குள் வாடகைக் கார் எடுக்க வேண்டாம். 29 காலை ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான தூரத்தில் இருக்கும் ஓர்வியெத்தோ போய், அங்கே எடுங்கள். சிறு ஊர் வாடகை அலுவலகங்கள் மதியமும் ஞாயிறும் மூடியிருக்கும், நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதி அவசியம். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், கியர் வண்டிதான் அங்கே வழக்கம். சாலைக்கு வலப்பக்கம் ஓட்டுவது அரை மணியில் பழகிவிடும். பழகாதது இசட்டிஎல் (ZTL), அதாவது வண்டிக்குக் கட்டுப்பாடு உள்ள பகுதி. பழைய ஊர்களின் நடுப்பகுதியில் வெளியார் வண்டிக்குத் தடை, சிவப்பு விளிம்பு போட்ட வெள்ளை வட்டப் பலகை, மேலே கேமரா. யாரும் நிறுத்த மாட்டார்கள், சத்தமில்லாமல் படம் எடுத்துக்கொள்ளும். ஒரு முறை நான் ஓட்டலைத் தேடி ஒரே தெருவை மூன்று தடவை சுற்றினேன். மாதங்கள் கழித்து மூன்று அபராதச் சீட்டு வீட்டுக்கு வந்தது. ஊர் மதிலுக்கு வெளியே நிறுத்தி நடந்து போங்கள்.

தங்குவதற்கு அக்ரிதூரிஸ்மோ தேடுங்கள். விவசாயக் குடும்பங்கள் தங்கள் பண்ணையிலேயே விருந்தினருக்கு அறை விடும் ஏற்பாடு இது. கல் வீடு, பல இடங்களில் நீச்சல் குளம், சொன்னால் இரவுச் சாப்பாடு. பல பண்ணைகள் கோடையில் சனி முதல் சனி வரை முழு வாரமாகத்தான் கொடுக்கும், ஆகவே நான்கு இரவுக்குச் சம்மதமா என்று முதலிலேயே எழுதிக் கேளுங்கள். ஏசி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

இணையத்தில் பார்க்கும் பச்சைப் பட்டு விரித்த குன்றுகள் ஏப்ரல், மே மாதத்தவை. நீங்கள் போகும்போது கோதுமை முற்றி, அறுவடை நடக்கும் காலம், குன்றெல்லாம் பொன்னிறம், அங்கங்கே சூரியகாந்தி. எனக்கு இதுதான் பிடிக்கும். தங்குவதற்கு பியென்சா பக்கம் பாருங்கள். 15ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பயஸ் என்ற போப் தான் பிறந்த கிராமத்தை இடித்துக் கட்டிய குட்டி நகரம். அதில் ‘காதல் தெரு’, ‘முத்தத் தெரு’ என்று இரண்டு சந்துகள் உண்டு, நான் கேலி செய்யவில்லை. அவை போய்ச் சேரும் மதில் நடைபாதையிலிருந்து பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும், மாலை 8 மணிக்கு அங்கே இருங்கள். பாஞ்ஞோ விஞ்ஞோனி என்ற ஊரில் தேர்முட்டி இருக்க வேண்டிய இடத்தில் வெந்நீர்க் குளம் இருக்கிறது. அதில் குளிக்க முடியாது, பக்கத்து விடுதிக் குளங்களில் முடியும்.

உங்கள் தேதிக்கு ஒரு யோகம் உண்டு. ஜூலை 2 சியெனா நகரில் பாலியோ குதிரைப் பந்தயம். 17 பேட்டைகளில் 10 பேட்டை ஓடும், மூன்று சுற்று, ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதற்காக மைதான நடுவில் வெயிலில் மணிக்கணக்கில் நிற்க வேண்டும், கழிப்பறைக்குக்கூட நகர முடியாது. தேனிலவுக்கு அது வேண்டாம். ஜூன் 29 மாலையிலிருந்து ஒத்திகை ஓட்டங்கள் நடக்கும். 30 அல்லது 1 மாலை அதற்குப் போங்கள். அதே குதிரை, அதே கொடி, அதே பேட்டைப் பாட்டு, நிற்பதற்குக் காசில்லை. பந்தய நாளன்று சியெனா பக்கமே போகாதீர்கள்.

ஜூலை 3 வண்டியை ஃப்ளாரன்ஸ் விமான நிலையத்தில் விட்டுவிட்டு டிராமில் ஊருக்குள் வாருங்கள், 20 நிமிடம். ஊர் குன்றுகளுக்கு நடுவே கிண்ணத்தில் இருப்பதால் புழுக்கம் அதிகம், இரண்டு இரவுக்கு மேல் வேண்டாம். உஃபிஸி ஓவியக்கூடமும் மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலை இருக்கும் அக்காதேமியாவும் திங்கட்கிழமை விடுமுறை.

அங்கிருந்து வெனிஸ் வேக ரயிலில் இரண்டு மணி நேரம் சொச்சம். கரையில் இருக்கும் மெஸ்த்ரேயில் இறங்கிவிடாதீர்கள், அடுத்த நிலையமான சாந்தா லூசியாதான் தண்ணீர் ஓரம். மெஸ்த்ரேயில் ஓட்டல் மலிவு, ஆனாலும் தீவுக்குள்ளேயே தங்குங்கள். பகல் கூட்டம் மாலையில் கிளம்பிப் போன பிறகுதான் வெனிஸ். கொண்டோலாவுக்கு நகராட்சி விலை உண்டு: பகலில் அரை மணிக்கு 90 யூரோ, இரவு 7க்கு மேல் 110. அது படகுக்கான விலை, தலைக்கு அல்ல. பகல் விலை முடியுமுன் 6 மணிக்குச் சின்னக் கால்வாய்களில் போகச் சொல்லிப் பேசி ஏறுங்கள். வெனிஸின் மூன்று இரவில் ஒன்றை வெரோனாவுக்கு மாற்றவும் செய்யலாம். 1913 முதல் கோடையில் அங்குள்ள ரோமானிய அரங்கில் திறந்தவெளி ஓபரா நடக்கிறது. ஓபரா புரியாதவர்களுக்கும் அந்த இரவு பிடிக்கும், கல் படிக்கு ஒரு மெத்தை மட்டும் எடுத்துப் போங்கள்.

சைவத்துக்கு டஸ்கனியில் பஞ்சமில்லை. பீச்சி என்ற கையால் உருட்டிய தடித்த நூடுல்ஸை அல்யோனே என்ற பெரிய பூண்டும் தக்காளியும் சேர்த்துத் தருவார்கள். ரொட்டியும் தக்காளியும் குழைந்த பாப்பா அல் பொமதோரோ நம் வீட்டுச் சாப்பாடு மாதிரியே இருக்கும். காய்கறி சூப்பில் இறைச்சி வேகவைத்த நீர் இருக்கலாம், ‘புரோதோ தி கார்னே?’ என்று கேளுங்கள். பார்மிஜானோ சீஸில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த உறைபொருள் சேர்க்கிறார்கள், அது ஒத்துவராது என்றால் ‘சென்சா ஃபொர்மாஜ்ஜோ’ (சீஸ் இல்லாமல்) என்று சொன்னால் போதும். மரினாரா பீட்சா என்றதும் மீன் என்று பயப்பட வேண்டாம். அதில் தக்காளி, பூண்டு, ஒரேகானோதான், சீஸ்கூடக் கிடையாது.

கடைசியாக, முதலில் செய்ய வேண்டியது விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், முடிவு வர 15 நாள், சில சமயம் 45 நாள் வரை இழுக்கும். அதனால் கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது நடக்காது, மார்ச்சிலேயே இருவரும் தனித்தனியாகப் போடுங்கள், கல்யாணப் பத்திரிகையின் நகலை இணையுங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு வேண்டும். அவருடைய பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இருந்தால் அப்படியே இருக்கட்டும். விசா, விமானம், கொலோசியம் எல்லாவற்றிலும் அதே பெயர், அதே எழுத்து. உங்கள் பெயரைச் சேர்ப்பதெல்லாம் ஊர் திரும்பி, ஆடியில் சாவகாசமாகச் செய்துகொள்ளலாம்.