கப்பலின் பெயரில் கைவைக்கலாமா?

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கடற்படையின் எண்ணெய்க் கப்பலான ‘ஹார்வி மில்க்’, 2025 ஜூனில் ‘ஆஸ்கர் வி. பீட்டர்சன்’ ஆகிவிட்டது. பெயரை மாற்றினால் கப்பலுக்கு ஆகாது என்று மாலுமிகள் சொல்வதாகப் படித்திருக்கிறேன். அந்த நம்பிக்கையை விடுங்கள். ஆட்சி மாறினால் கப்பலின் பெயரும் மாறும் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஒருமுறை வைத்த பெயரை அப்படியே விட்டுவிடுவதுதானே மரியாதை?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உறுத்துவது நியாயம்தான். ஆனால் வைத்த பெயரைத் தொடவே கூடாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கப்பலுக்கு முதலில் வைக்கிற பெயரிலேயே அரசியல் இருக்கிறது. சோவியத் விமானந்தாங்கி ஒன்றை ‘ரீகா’ என்ற பெயரில் 1982-ல் கட்டத் தொடங்கினார்கள். அது ‘லியோனித் பிரெஷ்னெவ்’ ஆகி, ‘திபிலிசி’ ஆகி, 1990-ல் ‘அட்மிரல் குஸ்நெத்சோவ்’ ஆனது. எட்டு ஆண்டில் நான்கு பெயர்!

எதற்காக மாற்றுகிறார்கள் என்றுதான் நான் பார்ப்பேன். பயந்துபோய் மாற்றுவது ஒன்று. ‘டாய்ச்லாந்து’ என்றால் ஜெர்மனி. அந்தப் பெயருள்ள போர்க்கப்பல் மூழ்கினால் ஜெர்மனியே மூழ்கியதாகப் பேசுவார்களே என்று ஹிட்லர் அஞ்சினார். 1940-ல் அது ‘லுட்சோ’ ஆனது. ரஷ்யாவின் ‘பொட்டெம்கின்’ கதையும் அப்படித்தான். புழு நெளிந்த இறைச்சியில் செய்த சூப்பைக் குடிக்க மாட்டோம் என்று 1905 ஜூனில் கிளம்பிய மாலுமிகள், கப்பலையே கைப்பற்றினார்கள். கப்பல் திரும்பக் கைக்கு வந்ததும் ஜார் அரசு அதே ஆண்டில் ‘பண்டெலெய்மோன்’ என்று ஒரு புனிதரின் பெயரைச் சூட்டியது. அந்தப் பெயர் இன்று யார் நினைவில் இருக்கிறது? ஜனங்கள் வாயில் ஏறிய பெயரை உத்தரவு போட்டு இறக்க முடியாது. 1914-ல் சென்னையில் குண்டு போட்ட ஜெர்மன் கப்பல் எம்டன், அந்த நவம்பரிலேயே அழிந்துபோனது. ‘அவன் சரியான எம்டன்’ என்று நாம் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்.

கடனைத் தீர்க்க மாற்றுவது இன்னொன்று. 2023-ல் ‘சான்சலர்ஸ்வில்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பலுக்கு ‘ராபர்ட் ஸ்மால்ஸ்’ என்று பெயர் மாற்றினார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமை முறைக்காகப் போரிட்ட தென் மாநிலப் படை 1863-ல் வென்ற களம் சான்சலர்ஸ்வில். நாட்டை உடைக்க வந்தவர்களின் வெற்றியை அந்த நாட்டுக் கப்பலே முப்பது ஆண்டுக்கு மேல் சுமந்து திரிந்தது. ஸ்மால்ஸ் அடிமையாகப் பிறந்தவர். சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் ‘பிளான்டர்’ என்ற தென்தரப்புக் கப்பலில் சுக்கான் பிடித்தவர். 1862 மே 13, விடிய இன்னும் நேரம் இருக்கிறது. வெள்ளை அதிகாரிகள் கரையில் தூங்குகிறார்கள். கேப்டனின் வைக்கோல் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு கப்பலைக் கிளப்பினார் ஸ்மால்ஸ். வழியில் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டார். தென்தரப்பின் கையில் இருந்த சம்டர் கோட்டையைக் கடக்கும்போது எப்படி விசில் ஊத வேண்டுமோ அப்படியே ஊதினார், காவலர்கள் விட்டுவிட்டார்கள். பீரங்கிக்கு எட்டாத தூரம் போனதும் கொடியை இறக்கி, ஒரு வெள்ளைத் துணியை ஏற்றி, வடக்குக் கடற்படையிடம் போய்ச் சேர்ந்தார். எத்தனை முறை படித்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். இந்தப் பெயர் மாற்றம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்?

சரி, நீங்கள் கேட்ட கப்பலுக்கு வருகிறேன். ஹார்வி மில்க் 1950-களில் கடற்படையில் இருந்தவர். தன்பாலீர்ப்பாளர் என்பதால் அவரை வெளியேற வைத்தார்கள். பிறகு சான் பிரான்சிஸ்கோ நகர அவைக்குத் தேர்வானார். 1978-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். தான் துரத்திய ஆளின் பெயரைக் கடற்படையே தன் கப்பலுக்கு வைத்ததை ஒரு மன்னிப்பாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன். கேட்ட மன்னிப்பைத் திரும்பப் பிடுங்குவது கொடுமை.

பீட்டர்சன் சாதாரணப்பட்டவர் அல்ல. 1942 மே மாதம், பவளக்கடல் போரில் குண்டடி பட்ட ‘நியோஷோ’ என்ற எண்ணெய்க் கப்பலில் இருந்தார். கூட இருந்தவர்கள் காயப்பட்டு விழுந்துவிட்டார்கள். அவருக்கும் படுகாயம். அந்த நிலையில் தனி ஆளாக நீராவி வால்வுகளை மூடினார். அப்போது பட்ட தீக்காயமே அவர் உயிரைக் குடித்தது. எண்ணெய்க் கப்பலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது? அதே வகையில் இன்னும் பல கப்பல்களைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவற்றில் ஒன்றுக்கு முதல் பெயராகவே பீட்டர்சன் பெயரை வைத்திருக்கலாம். இன்னொருவர் பெயரைச் சுரண்டி எடுத்த இடத்தில் கொண்டுபோய் எழுதிவிட்டார்கள். இப்போது அந்தக் கப்பலைப் பற்றி எழுதுகிறவர்கள் பழைய பெயரிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. உங்கள் கடிதமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.