லண்டனிலிருந்து ஒரு நாள் மட்டும் என்றால் லேகாக் போங்கள்

"லண்டனில் பத்து நாள் இருப்பேன். அதில் ஒரே ஒரு நாளைப் பழைய கிராமம் ஒன்றுக்கு ஒதுக்கலாம் என்றிருக்கிறேன். எங்கே போகலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வில்ட்ஷயரில் இருக்கும் லேகாக். பேடிங்டனில் ரயில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் சிப்பன்ஹாம். அங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான்.

ஊர் என்றால் நாலே நாலு தெரு. கம்பளி வியாபாரத்தில் செழித்த காலத்து வீடுகள். மரச்சட்டங்கள் வளைந்து, கல்கூரை தொய்ந்து, ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை மடத்துக்கு அளந்து கொட்டிய 14ஆம் நூற்றாண்டுக் களஞ்சியம் இன்னும் இருக்கிறது. மின்கம்பியோ ஆன்டெனாவோ என் கண்ணில் படவே இல்லை. ஊர் முழுக்க டால்பட் குடும்பத்தின் சொத்தாக இருந்தது. மட்டில்டா டால்பட் 1944இல் மாளிகையோடு சேர்த்து ஊரையே, பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார். பெரும்பாலான வீடுகளில் இன்றும் மக்கள் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். அதனால் ஒரு வேண்டுகோள்: வாசலில் நின்று படம் எடுங்கள், சன்னலுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள்.

ஆனால் நான் உங்களை அங்கே போகச் சொல்வது இந்தத் தெருக்களுக்காக அல்ல, ஒரு சன்னலுக்காக.

ஊர் ஓரத்தில் லேகாக் அபி இருக்கிறது. 1232இல் ஈலா என்ற சீமாட்டி கன்னியர் மடமாகக் கட்டியது. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி மடங்களை மூடியபின் மாளிகையானது. 1830களில் அங்கே வாழ்ந்தவர் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட். 1833இல் இத்தாலியில் கோமோ ஏரியை வரைய முயன்று, கை வராமல் தவித்தவர். ஒளியே தன்னைக் காகிதத்தில் வரைந்துகொண்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது அங்கேதான். ஊர் திரும்பி, உப்புக் கரைசலிலும் சில்வர் நைட்ரேட்டிலும் நனைத்து, ஒளி பட்டால் கறுக்கும்படி செய்த காகிதத்தைச் சின்ன மரப்பெட்டிகளுக்குள் வைத்து வீட்டைச் சுற்றி நிறுத்தினார். எலிப்பொறிகள் என்பாராம் அவர் மனைவி. 1835 ஆகஸ்டில் அப்படிப் பதிந்ததுதான், இன்று நம்மிடம் இருப்பவற்றிலேயே மிகப் பழைய கேமரா நெகட்டிவ். தபால்தலை அளவுதான். அதில் இருப்பது அவர் வீட்டுச் சன்னல்.

அந்தச் சன்னல் இன்னும் அதே இடத்தில் இருக்கிறது. கைப்பேசியில் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு எதிரே நின்றேன். சாய்சதுரக் கண்ணாடிச் சில்லுகள் ஒவ்வொன்றாகப் பொருந்தின. லென்ஸ் வைத்துப் பார்த்தால் சுமார் 200 சில்லுகளை எண்ணலாம் என்று டால்பட் அந்த நெகட்டிவ் பக்கத்திலேயே குறித்து வைத்திருந்தார். நான் எண்ணத் தொடங்கி, பாதியில் கண் கலங்கி நிறுத்திவிட்டேன். எங்கள் வீட்டில் அப்பா அம்மா கல்யாண ஆல்பம் மழையில் நனைந்து போனபோது, ஸ்டூடியோக்காரர் உறையில் போட்டுக் கொடுத்திருந்த நெகட்டிவ்களை வைத்துத்தான் மறுபடி பிரிண்ட் போட்டோம். ஒரு நெகட்டிவிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற வழி தொடங்கியது அந்தச் சன்னலில்.

ஒன்று முக்கியம்: சன்னல் மாளிகையின் உள்ளே, தெற்குக் கூடத்தில் இருக்கிறது. தோட்டம் திறந்திருக்கும் எல்லா நேரமும் அறைகள் திறந்திருக்காது. கிளம்பும் முன் நேஷனல் டிரஸ்ட் தளத்தில் அறைகளின் நேரத்தைப் பார்த்துவிடுங்கள்.