பிளாஷ் அடித்தால் பாதி முகம்தான் வெளுக்கிறது!

(புகழ் போதையைக் கிண்டலடிக்கும் குறைந்த செலவுப் படங்கள் பற்றி வாசகர்கள் கேட்டவை)

கே: நட்சத்திரத்தை ரசிகர்கள் மொய்க்கும் காட்சி. எங்களிடம் இருப்பது 25 பேர்தான். சமாளிக்க முடியுமா?

ப: தாராளமாக. அகல லென்ஸில் எடுத்தால்தான் ஓட்டை தெரியும். 85 எம்எம் லென்ஸ் போட்டுத் தள்ளி நின்று எடுங்கள். முன்னால் நிற்பவரும் பின்னால் நிற்பவரும் ஒட்டி நிற்பதுபோல் இருக்கும். கேமராவுக்கும் நடிகருக்கும் நடுவே ஐந்து பேர் முதுகு காட்டி நிற்கட்டும். மீதி இருபது பேரும் அவருக்குப் பின்னால் மூன்று வரிசை. இரண்டு தோள்களுக்கு நடுவே ஒரு முகம் தெரிய வேண்டும். கேமராவைத் தோள் உயரத்துக்கு மேல் ஏற்றாதீர்கள், கூட்டம் எங்கே முடிகிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். ஷாட்டுக்கு ஷாட் தொப்பி, கண்ணாடி, சால்வை கைமாறட்டும்.

பாதிக் கூட்டம் காதில்தான் உருவாகிறது. அதே 25 பேரையும் ஆறேழு தடவை கத்தவிட்டுப் பதிவு செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். ஒவ்வொரு தடவையும் மைக்கிலிருந்து நிற்கும் தூரத்தை மாற்றாவிட்டால் அதே குரல்கள் என்பது தெரிந்துவிடும்.

கே: பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் பிளாஷ் அடிக்கும்போது ஃபிரேமில் (வீடியோவின் ஒரு தனிப்படத்தில்) பாதிதான் வெளுக்கிறது. கேமரா கோளாறா?

ப: கோளாறில்லை. பெரும்பாலான டிஜிட்டல் கேமராக்களின் சென்சார், அதாவது ஒளியைப் பதியும் சில்லு, படத்தை வரிவரியாக மேலிருந்து கீழே படிக்கிறது. பிளாஷ் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் அணைந்துவிடுவதால், அந்த நேரத்தில் ஒளியை வாங்கிக்கொண்டிருந்த வரிகள் மட்டும் வெளுக்கின்றன. நிஜ பிளாஷை விட்டுவிட்டு எல்இடி விளக்கை மின்னவிடுங்கள். நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் சுமார் 42 மில்லிநொடி. விளக்கு ஒரு ஃபிரேமின் நடுவில் எரியத் தொடங்கலாம் என்பதால், 80, 90 மில்லிநொடியாவது எரிந்தால் ஒரு ஃபிரேமாவது முழுதாக வெளுக்கும். எடிட்டிங்கிலும் சேர்க்கலாம்: ஒரு ஃபிரேம் முழு வெளுப்பு, அடுத்தது பாதி, பிறகு இயல்பு. சம இடைவெளியில் போட்டால் சீரியல் பல்பு மாதிரி ஆகிவிடும். நொடிக்கு மூன்று மின்னலுக்கு மேல் வேண்டாம். ஒளி பட்டால் வலிப்பு வருகிறவர்களுக்கு ஆபத்து.

கே: படப்பிடிப்பில் யூனிட்டே சிரித்த வசனம் எடிட்டில் சப்பென்று இருக்கிறது. ஏன்?

ப: இரண்டு சந்தேகம். ஒன்று, நடிகர் தன்னை ஜோக்காக நினைத்து நடித்திருப்பார். தற்பெருமைக்காரன் தன்னை முழுசாக நம்ப வேண்டும். இன்னொன்று, குளோசப். உதாரணமாக, “எனக்கு விளம்பரமே பிடிக்காது” என்றபடி நட்சத்திரம் இடது கன்னத்தை கேமராவுக்குத் திருப்புகிறார். பக்கத்தில் உதவியாளர் சத்தமில்லாமல் விளக்கை அந்தப் பக்கம் நகர்த்துகிறார். இந்த இருவரும் ஒரே ஷாட்டில் இருந்தால்தான் சிரிப்பு. கன்னத்துக்கு கட் அடித்தால் போச்சு. விளக்கு நின்றபின்னும் 12 ஃபிரேமாவது வெட்டாமல் விடுங்கள்.

கே: படத்துக்குள் படம் வருகிறது. பார்ப்பவர் குழம்புகிறார்.

ப: நிறத்தைப் பிரியுங்கள். படப்பிடிப்புத் தளத்தையே கேலி செய்யும் 1995ஆம் ஆண்டின் ‘லிவிங் இன் ஒப்ளிவியன்’ என்ற அமெரிக்கப் படத்தின் முதல் பகுதியில் நிஜம் கறுப்பு வெள்ளை, எடுக்கப்படும் படம் வண்ணம். சப்டைட்டிலில் விளக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம்.