வெளிவராத விளையாட்டின் போர்டும் அட்டை ஓவியமும்: வெயிலில் காயவைக்கலாமா?

கேள்வி: நாங்கள் குளச்சலுக்கு அருகில் வசிக்கிறோம். என் தாய்மாமா 1990-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒரு சிறிய வீடியோ கேம் நிறுவனத்தின் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தார். நிறுவனம் மூடப்பட்டதும் ஊர் திரும்பிய அவர் சென்ற ஆண்டு காலமானார். மச்சில் கிடந்த அவருடைய டிரங்குப் பெட்டியில், கையால் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டிய சிப்புகளுடன் மூன்று சர்க்யூட் போர்டுகளும், நான்கு பிளாப்பிகளும், தடித்த அட்டையில் தீட்டிய ஒரு வண்ண ஓவியமும் இருந்தன. அந்த விளையாட்டு கடைக்கு வரவே இல்லை என்று மாமா சொல்லியிருக்கிறார். எல்லாவற்றிலும் பூசணம் பிடித்திருப்பதால் மொட்டை மாடியில் இரண்டு நாள் வெயில் காட்டலாம் என்று இருக்கிறோம். சென்னையிலிருந்து பேசிய ஒருவர், ஸ்டிக்கரை உரித்துச் சிப்பின் படத்தை அனுப்பினால் மொத்தமாக 25,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். கொடுத்துவிடலாமா? பெட்டியில் இருந்த பழைய காகிதங்களைக் கடைக்குப் போட எடுத்து வைத்திருக்கிறோம்.

பதில்: மொட்டை மாடிக்குக் கொண்டு போகாதீர்கள். ஏற்கெனவே கொண்டு போயிருந்தால், இதைப் படித்து முடிக்கும் முன் இறக்கிவிடுங்கள். பூசணம் பிடித்த பொருளை வெயிலில் போடுவது நம் ஊரில் பாயிலிருந்து புத்தகம் வரை எல்லாவற்றுக்கும் செய்யும் வைத்தியம்தான் என்றாலும், உங்கள் பெட்டியில் இருந்த மூன்று வகைப் பொருள்களில் ஒன்றுகூட அதைத் தாங்காது.

போர்டுகளில் இருப்பவை பெரும்பாலும் ஈப்ராம் எனப்படும் நினைவகச் சிப்புகளாக இருக்கும். அவற்றின் முதுகில் குவார்ட்ஸ் கண்ணாடியால் ஆன சிறிய வட்டச் சாளரம் ஒன்று உண்டு. ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது அதன் மேல்தான். உள்ளே ஒவ்வொரு பிட்டும், சுற்றிலும் காப்பிடப்பட்ட ஒரு நுண்ணிய முனையில் சிறைப்பட்ட மின்னூட்டமாக இருக்கிறது. புற ஊதாக் கதிர் அந்தச் சாளரம் வழியே விழும்போது மின்னூட்டம் கசிந்து வெளியேற, எழுதியது அழிந்து சிப் மீண்டும் வெற்றுப் பலகையாகிறது. சிப்பைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதற்காகவே அப்படி வடிவமைத்தார்கள். நிறுவனங்களில் இதற்கென்றே புற ஊதா விளக்குப் பெட்டி இருந்தது, கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். நேரடி வெயிலில் ஏறத்தாழ ஒரு வாரத்திலும், ட்யூப்லைட் வெளிச்சத்தில் தொடர்ந்து வைத்தால் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளிலும் சாளரம் மூடப்படாத சிப் அழிந்துவிடலாம் என்று இன்டெல் நிறுவனத்தின் தகவல் தாளே எச்சரித்தது. அது புதிய சிப்புக்குச் சொன்ன கணக்கு. முப்பது ஆண்டுகளாக மின்னூட்டம் சிறிது சிறிதாகக் கசிந்துகொண்டிருக்கும் சிப்பின் பழைய ஸ்டிக்கர் வெயிலில் காய்ந்து உதிர்ந்தால், அந்த ஒரு வாரம்கூடத் தேவைப்படாமல் போகலாம். நானே ஒருமுறை ஸ்டிக்கர் உதிர்ந்த சிப் ஒன்றை மேற்குப் பார்த்த ஜன்னல் ஓரத்தில் மறந்து வைத்துவிட்டு, கோடை கழிந்து அதை வாசித்தபோது ஒரு பைட்கூட மிஞ்சவில்லை.

சென்னைக்காரர் கேட்டபடி ஸ்டிக்கரையும் உரிக்காதீர்கள். வீட்டுக்குள் சில நிமிடங்கள் சாளரம் திறந்திருப்பதால் தரவு அழிந்துவிடாது, அழியப்போவது ஸ்டிக்கர்தான். விளையாட்டின் பெயர், தேதி, எத்தனையாவது வடிவம் என்று ஒருவர் தம் கையால் எழுதிய குறிப்பே அது எந்தக் கட்டத்தில் உருவான பிரதி என்பதற்கான முதல் சான்று. பழைய பசையில் அது முழுதாக உரிந்து வருவது அரிது. சிப்பின் வகை எண் பெரும்பாலும் ஸ்டிக்கருக்கு வெளியே, உடலின் ஓரத்திலோ அடிப்பக்கத்திலோ தெரியும். தெரியும் அளவுக்குப் படம் எடுத்து அனுப்பினால் போதும். அதற்கு மேல் கேட்பவர் ஒன்று விஷயம் அறியாதவர், அல்லது உங்களுக்கு அது தெரியாது என்று நினைப்பவர்.

உண்மையில் இது முன்மாதிரிதானா, அதாவது வெளியீட்டுக்கு முன் நிறுவனத்துக்குள் செய்த சோதனைப் பிரதிதானா என்பது அடுத்த கேள்வி. சாளரம் வைத்த சிப் இருப்பதால் மட்டும் ஒரு போர்டு முன்மாதிரியாகிவிடாது. காசு போட்டு விளையாடும் ஆர்கேட் இயந்திரங்களின் போர்டுகள் ஈப்ராம்களுடனேயே ஆயிரக்கணக்கில் விற்பனைக்கு வந்தன. குறைந்த எண்ணிக்கையில் செய்த திருட்டுப் பிரதிகளிலும் அவை உண்டு. மறுபுறம், நம் வீடுகளில் டிவி கேமுக்குப் போட்டு விளையாடிய பெரும்பாலான கேசட்டுகளைத் திறந்தால் சிப்புக்குப் பதிலாகக் கறுப்புப் பிசின் பொட்டு ஒன்றுதான் இருக்கும். அது மலிவாகப் பெருமளவில் செய்ததன் அடையாளம். அதை முன்மாதிரி என்று யாராவது விற்க வந்தால் வாங்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய படத்தில் சிப்புகள் இரண்டிரண்டாக, 'ஆட்', 'ஈவன்' என்ற குறிப்புடன் இருப்பது நல்ல அறிகுறி. சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் 16 பிட் வீடியோ கேம் இயந்திரம். 8 பிட் ஈப்ராம்களைக் கொண்டு அதற்குச் சோதனைப் பிரதி செய்யும்போது ஒற்றைப்படை பைட்டுகளை ஒரு சிப்பிலும் இரட்டைப்படை பைட்டுகளை இன்னொன்றிலும் பிரித்து எழுதுவார்கள்.

ஐயத்தைத் தீர்ப்பது தரவுதான். ஆகவே விற்பதா வைத்திருப்பதா என்ற முடிவுக்கு முன்பே சிப்புகளை வாசித்துக் கோப்பாக எடுத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதற்கு வேண்டிய ஈப்ராம் புரோகிராமர் கருவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. நம் மாவட்டத்துப் பொறியியல் கல்லூரிகளின் மின்னணுவியல் ஆய்வகம் ஒன்றில் கேட்டுப் பார்க்கலாம். சிப்பைக் கொடுத்துவிட்டு வராமல், அருகில் இருந்து வாசித்து வாங்குங்கள். எதையும் கழற்றும் முன் போர்டின் இருபுறமும் படம் எடுத்து, எந்தச் சாக்கெட்டில் எந்தச் சிப், அதன் பிறை வடிவ வெட்டு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். இரு முனைகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக நெம்பி எடுக்க வேண்டும். ஒரே பக்கம் தூக்கினால் கால்கள் முறியும். சிப் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தால் வீட்டில் கை வைக்காதீர்கள். கருவியின் மென்பொருளில் சிப்பின் வகையைச் சரியாகத் தேர்ந்து, 'வாசி' என்ற கட்டளையை மட்டும் கொடுங்கள். சிப்பின் அடையாள எண்ணைத் தானே சோதிக்கும் வசதி, ஒரு காலுக்கு உயர் மின்னழுத்தம் கொடுத்துத்தான் அதைச் செய்கிறது. மிகப் பழைய சிப்புகளுக்கு அது ஆபத்து என்பதால் அணைத்துவிடுவது நல்லது. ஒவ்வொரு சிப்பையும் மூன்று முறையாவது வாசித்து, மூன்று கோப்புகளும் ஒன்றேதானா என்று ஒப்பிடுங்கள். வேறுபட்டால் சில பிட்டுகள் தளர்ந்துவிட்டன என்று பொருள். மின்னழுத்தத்தைச் சற்றே மாற்றி வாசித்தால் பல நேரங்களில் அவை பிடிபடும்.

'ஆட்', 'ஈவன்' சிப்புகளின் இரு கோப்புகளையும் பைட் பைட்டாகப் பின்னிச் சேர்த்து, கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டர் மென்பொருளில் திறந்தால், மெகா டிரைவ் விளையாட்டாக இருக்கும் பட்சத்தில் 256-ஆவது இடத்திலிருந்து சேகாவின் பெயரும், தொடர்ந்து உரிமைக் குறியீடும் ஆண்டும் மாதமும், அதன் பின் விளையாட்டின் பெயரும் எழுத்தாகவே தென்படும். முன்மாதிரிகளில் இந்தப் பகுதி பாதி நிரப்பப்பட்டோ வேறொரு விளையாட்டிலிருந்து நகலெடுக்கப்பட்டோ இருப்பதுண்டு. அதைக் கண்டு ஏமாற்றமடைய வேண்டாம்.

பிளாப்பிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உலோக மூடியை விலக்கிப் பார்த்து, உள்ளே இருக்கும் வட்டில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் எந்த டிரைவிலும் போடாதீர்கள். பூசணம் டிரைவின் வாசிக்கும் முனையில் ஒட்டி, அந்த வட்டையும் அடுத்துப் போடும் வட்டையும் சுரண்டிவிடும். அக்கால இங்கிலாந்து நிறுவனம் என்பதால் அவை அமிகா கணினியின் 880 கேபி வட்டுகளாக இருக்க வாய்ப்புண்டு. அவற்றைச் சாதாரணக் கணினி டிரைவ் வாசிக்காது; 'வடிவமைக்கவா?' என்று விண்டோஸ் கேட்கும்போது தப்பித் தவறியும் ஆம் என்று சொல்லிவிடாதீர்கள். கிரீஸ்வீசில் போன்ற, காந்த அலையையே பதிவு செய்யும் கருவி வைத்திருப்பவரிடம்தான் அந்த வேலையை ஒப்படைக்க வேண்டும்.

ஓவியத்துக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் பெட்டியில் மிக எளிதில் பாழாகக்கூடியது இதுதான். போர்டைக் கோப்பாக எடுத்துவிட்டால் விளையாட்டு பிழைத்துவிடும். ஓவியத்துக்கு அப்படி மறுபிறவி கிடையாது. அக்கால அட்டை ஓவியர்கள் கவ்வாஷ் என்னும் ஒளி ஊடுருவாத நீர்வண்ணம், அக்ரிலிக், ஏர்பிரஷ் மை ஆகியவற்றைத் தடித்த ஓவிய அட்டையில் பயன்படுத்தினார்கள். இவற்றில் கவ்வாஷ் காய்ந்த பின்னும் தண்ணீரில் கரையும். ஈரத்துணியால் பூசணத்தை ஒருமுறை துடைத்தால் வானமும் கதாநாயகனும் சேர்ந்தே துணியில் வந்துவிடும். நிழலில், காற்றோட்டமுள்ள அறையில், விசிறிக் காற்று நேராகப் படாதபடி கிடத்தி முதலில் உலரவிடுங்கள். பூசணம் காய்ந்து தூளான பிறகு, முகக்கவசம் அணிந்து, மிக மென்மையான தூரிகையால் ஓரத்தை நோக்கித் தள்ளலாம். வண்ணம் செதிலாக எழும்பியிருந்தால் அதையும் செய்யாமல், ஓவியப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரிடம் காட்டுங்கள்.

இது மூலமா, அச்சா என்பதைப் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்று சொல்லிவிடும். அச்சில் நான்கு நிறப் புள்ளிகள் பூக்கோலம் போலச் சுழன்று தெரியும். மூலத்தில் புள்ளிகள் இராது, தூரிகையின் மேடும் பள்ளமும், ஓரங்களில் டேப் ஒட்டி எடுத்த தடமும் இருக்கும். மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய டிரேசிங் தாள், அதில் விளையாட்டின் பெயர் எங்கே வர வேண்டும் என்று வரைந்த கட்டம், மூலைகளில் வெட்டுக் குறிகள், அச்சகத்துக்கு எழுதிய பென்சில் குறிப்புகள், பின்புறத்து முத்திரை ஆகியவற்றை அழுக்கு என்று எண்ணி நீக்கிவிடக் கூடாது. அழகான ஓவியம் ஒன்றை ஒரு குறிப்பிட்ட விளையாட்டின் அட்டை ஓவியம் என்று நிறுவுவது அவைதான். வெளிவராத விளையாட்டுக்குப் பெட்டி இல்லாததால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இராது என்று நினைக்க வேண்டியதில்லை. பத்திரிகை விளம்பரம் வெளியீட்டுக்குப் பல மாதங்கள் முன்பே தயாராகும் என்பதால், கைவிடப்பட்ட சில விளையாட்டுகளின் ஓவியம் அக்கால இதழ்களில் அச்சாகியிருக்கிறது. அந்த இதழ்களின் நகல்கள் பல இன்று இணைய ஆவணக் காப்பகத்தில் புரட்டிப் பார்க்கக் கிடைக்கின்றன. சட்டம் போடும் கடையில் லேமினேட் செய்து தருகிறேன் என்பார்கள்; கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இனி எங்கே வைப்பது? தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில், அதிலும் உப்புக்காற்று வீசும் கடற்கரையில், மச்சு மிக மோசமான இடம். வீட்டின் நடு அறையில், வெளிச்சுவரை ஒட்டாத பீரோவின் நடுத்தட்டு நல்லது. போர்டுகளைச் சாம்பல் நிற ஆன்டிஸ்டாட்டிக் உறையில் தனித்தனியாக இட்டு, இறுக மூடும் டப்பாவில் சிலிகா ஜெல்லுடன் வையுங்கள். உப்பு படிந்த செம்பு முனைகள் பச்சை பூத்திருந்தாலும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சி போதும், அதுவும் ஸ்டிக்கரில் படாமல். ஓவியத்துக்கு அமிலமற்ற தாளும் தட்டையான உறையும் தேவை. பாச்சை உருண்டை வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும். ஏட்டுச் சுவடிகளைத் தின்ற இராமபாணப் பூச்சிக்குக் கவ்வாஷ் ஓவியமும் விருந்துதான். ஆனாலும் பச்சை வேப்பிலையை உள்ளே வைப்பது ஈரத்தையும் கறையையும் நாமே கொண்டு சேர்ப்பதாகும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்று டப்பாவுக்குள் 60 விழுக்காட்டுக்குக் கீழே காட்டினால் பூசணம் அநேகமாக வராது.

25,000 ரூபாய் நியாயமான விலையா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. எதை விற்கிறீர்கள் என்பது உங்களுக்கே இன்னும் தெரியாது. நிண்டெண்டோவும் சோனியும் சேர்ந்து செய்து கைவிட்ட பிளேஸ்டேஷன் முன்மாதிரி இயந்திரம் 2020-இல் அமெரிக்க ஏலத்தில் 3,60,000 டாலருக்குப் போனது உண்மை. ஆனால் அது ஊரறிந்த ஒரு கதையின் ஒற்றைச் சாட்சி. பெயர் தெரியாத சிறு நிறுவனத்தின் விளையாட்டுக்கு அதை அளவுகோலாகக் கொள்ள இயலாது. வெளிவந்த விளையாட்டின் இறுதிக்கு நெருங்கிய சோதனைப் பிரதியைவிட, வெளிவராத விளையாட்டின் பிரதிக்கு மதிப்பு அதிகம். ஓவியமும் போர்டும் ஒரே விளையாட்டுக்குரியவை என்று நிறுவ முடிந்தால் இரண்டையும் பிரிக்காமல் வைத்திருப்பது நல்லது. தரவை வெளியிட்டால் விலை விழுந்துவிடும் என்று சேகரிப்பாளர் சிலர் சொல்வார்கள். நான் அதை அவ்வளவாக ஏற்பதில்லை. நிண்டெண்டோவின் 'மதர்' விளையாட்டின் ஆங்கில வடிவம் 1990-இல் முடிந்தும் வெளிவராமல் நின்றது. அதன் முன்மாதிரி ஒன்று வெளியே வந்து 1998-இல் தரவாக எடுக்கப்பட்டதால்தான் பலர் அதை விளையாட முடிந்தது, நிறுவனமே 2015-இல்தான் அதை அதிகாரபூர்வமாக வெளியிட்டது. 1995-இல் கைவிடப்பட்ட 'ஸ்டார் ஃபாக்ஸ் 2' கடைக்கு வர 2017 ஆயிற்று. இத்தனை பெரிய நிறுவனத்துக்கே இவ்வளவு காலம் என்றால், மூடப்பட்ட நிறுவனத்தின் விளையாட்டுக்கு உங்கள் டிரங்குப் பெட்டியைத் தவிர வேறு நாதியில்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை, பொருளை வைத்திருப்பது வேறு, பதிப்புரிமை வேறு. ஊழியர் பணியின் பகுதியாகச் செய்ததற்குப் பதிப்புரிமை பொதுவாக நிறுவனத்தைச் சேரும். ஓவியர் வெளியாளாக இருந்து, எழுத்து மூலம் உரிமையை மாற்றித் தராதிருந்தால், இங்கிலாந்துச் சட்டப்படி அது பொதுவாக அவரிடமே இருக்கும். சிப் அழிந்தால் என்ன செய்வது என்ற பாதுகாப்புக்காக, முறையாக வைத்திருப்பவர் நிரலின் காப்புப் பிரதி எடுப்பதை இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. பிரதியை ஊருக்கெல்லாம் கொடுப்பதும், ஓவியத்தைப் பனியனில் அச்சிட்டு விற்பதும் அந்த அனுமதிக்குள் வராது. நூறு ஆண்டு நிறையாததால் தொல்பொருள் சட்டத்தைப் பற்றிய கவலை வேண்டாம். விற்பதைவிடக் கொடுப்பது உசிதம் என்று குடும்பத்தில் தோன்றினால், அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரில் உள்ள ஸ்ட்ராங் அருங்காட்சியகமும், வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளையும் இத்தகைய பொருள்களைப் பேணுகின்றன, எழுதிக் கேட்கலாம். எதைச் செய்வதானாலும் பெட்டி இப்போது உங்கள் மாமிக்கும் அவர் பிள்ளைகளுக்கும் உரியது என்பதால், அவர்களுடைய சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சென்னைக்காரரிடம் இரண்டு மாதம் கழித்துப் பேசுவதாகச் சொல்லுங்கள்; உண்மையில் வேண்டுபவர் காத்திருப்பார்.

கடைக்குப் போட எடுத்து வைத்த காகிதங்களை இன்றே திரும்ப எடுத்து வையுங்கள். மாமாவின் சம்பளச் சீட்டு, பிழைப் பட்டியல், சக ஊழியர் அனுப்பிய வாழ்த்து அட்டை, நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட வெறும் உறை என்று எதுவாக இருந்தாலும், இந்தப் போர்டுகள் எங்கிருந்து, யார் கை வழியாகக் குளச்சலுக்கு வந்தன என்பதைக் காட்ட அவற்றைவிட நல்ல சான்று கிடைக்காது. மாமி அந்த நாள்களைப் பற்றிச் சொல்வதையும் போனில் பதிவு செய்து வையுங்கள். ஓவியத்தின் மூலையில் இருக்கும் கையெழுத்து யாருடையது என்று அவருக்குத் தெரிந்திருக்கக்கூடும்.