மதுரைக்குப் பக்கத்தில், அதிகச் செலவில்லாமல் போய்வர புது இடங்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

கொடைக்கானல் போய்ப் போய் அலுத்துவிட்டது, சனி ஞாயிறு அறை வாடகையும் கட்டுப்படியாகவில்லை, காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் வீடு திரும்புகிற மாதிரி இடம் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேறு எடுக்க வேண்டியிருக்கிறது. அலுப்பு நியாயம்தான்.

நான் டவுன் பஸ் போர்டைத்தான் பார்ப்பேன். "சுற்றுலா இடம்" என்று கூகுளில் தேடினால் மீனாட்சியம்மன் கோயிலும் நாயக்கர் மகாலும்தான் திரும்பத் திரும்ப வரும். அதற்குப் பதில், பஸ் போர்டில் பார்த்த ஊர்ப் பெயரோடு குடைவரை (பாறையைக் குடைந்து செய்த கோயில்), சமணர் படுகை (சமணத் துறவிகள் படுக்கப் பாறையில் வெட்டிய இடம்), கல்வெட்டு என்று ஏதாவது ஒன்றைச் சேர்த்துத் தேடிப் பாருங்கள். மதுரையைச் சுற்றிக் குன்று இருக்கிற ஊரில் பெரும்பாலும் ஏதாவது அகப்படும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அம்மாவும் அக்காவும் என்னோடு வந்தால் எனக்கு மட்டும்தான் டிக்கெட்.

முதலில் போக வேண்டியது கீழக்குயில்குடி. சமணமலை அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். மேலே ஏறினால் பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர் (சமண குருமார்) சிற்பங்கள். ஏழு மணிக்குள் ஏறிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் பாறை கொதிக்கும், செருப்போடும் நிற்க முடியாது.

அடுத்தது அரிட்டாபட்டி. மேலூருக்கு மேற்கே இருக்கிறது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். ஏழு குன்றுகள், இருநூறு சுனைகள், எழுபத்திரண்டு ஏரிகள் என்பது அரசு சொன்ன கணக்கு. அவ்வளவையும் யார் சுற்றிப் பார்ப்பது! ஒரு குன்றும் ஒரு கண்மாயும் போதும். பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயிலில் லகுலீசர் (சிவனின் அவதாரமாகக் கருதப்படுபவர்) சிற்பம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அதிகம் காணக் கிடைக்காதது. சமணர் குகையில் தமிழி (பழைய தமிழ் பிராமி எழுத்து) கல்வெட்டும் உண்டு. வல்லூறு, ராஜாளி போன்ற வேட்டைப் பறவைகள் வாழும் இடம் என்பதால் பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள். டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டு, ஊரே திரண்டு எதிர்த்து, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது இந்தப் பகுதியில்தான். அந்த மலையை ஊர்க்காரர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது இதிலேயே தெரியும். பாட்டு போட்டுக்கொண்டு ஏறுவது, காலி பாட்டிலை வீசுவதெல்லாம் வேண்டாம். பெரிய கடை எதிர்பார்க்காதீர்கள், தண்ணீரும் புளிசாதமும் வீட்டிலிருந்தே கட்டிக்கொள்ளுங்கள்.

நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் மதுரையிலிருந்து போடி போகும் ரயில். அகலப்பாதை வேலைக்காகப் பல வருஷம் நின்றிருந்த தடம், 2022 மே மாதம் தேனி வரை, 2023 ஜூனில் போடி வரை மறுபடி ஓட ஆரம்பித்தது. உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய்க்குள் வண்டி நுழைகிறபோது ஜன்னலோர இடம் கிடைத்திருக்க வேண்டும். அது கிடைத்தால் இறங்கி எதையும் பார்க்காவிட்டாலும் எனக்குப் போதும். இறங்கித்தான் ஆக வேண்டும் என்பவர்கள் ஆண்டிபட்டியில் இறங்கி வைகை அணைக்குப் போகலாம். திரும்பும் வண்டி நேரத்தை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், இந்தத் தடத்தில் வண்டிகள் குறைவு.

வெயில் தாங்காத மாதத்தில் கீழடி அருங்காட்சியகம். அழகர்கோயில் நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஆனால் மலைமேல் நூபுர கங்கை தீர்த்தம் வரை நடந்திருக்கிறீர்களா? கோயில் பிரசாதமான சம்பா தோசையைக் கீழே வாங்கிக் கையில் தூக்கிக்கொண்டு ஏறாதீர்கள், குரங்கு விடாது.

குட்லாடம்பட்டி அருவியையும் யாராவது சொல்வார்கள். நல்ல மழை பெய்திருந்தால்தான் அங்கே தண்ணீர். அப்போதும் உள்ளே விடுகிறார்களா என்று வாடிப்பட்டியில் விசாரித்துவிட்டுப் போங்கள்.